வூஃபர் பெட்டியைத் திறப்பதற்கு முன்



கணிப்பொறி ஸ்பீக்கரில் வூஃபர் மட்டும் உறுமுகிறது, கொஞ்ச நேரம் பாடிவிட்டு அமுங்கிப்போகிறது, லைட் எரிகிறது ஆனால் பேஸ் வரவில்லை என்றெல்லாம் எழுதிக் கேட்கும் கடிதங்கள் நம் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவும் ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். அப்படிச் சொன்னால் மட்டும் போதாது. எங்கே பார்ப்பது, எதை முதலில் பார்ப்பது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அந்த வூஃபர் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழுது பார்க்கிற வேலையில் சால்டரிங் அயர்ன் கடைசியாகத்தான் சூடாக வேண்டும். அதற்கு முன்னால் காது, அப்புறம் கண், அப்புறம் மீட்டர். ‘ஐசி போயிருக்கும்’ என்று எடுத்த எடுப்பில் ஐசியைக் கழற்றுகிற பழக்கம் நம் கடைகளிலும் இருக்கிறது, வீட்டில் முயல்கிறவர்களிடமும் இருக்கிறது. பழைய ஐசி நன்றாகவே இருந்திருக்கும். கழற்றி மாட்டியதில் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து, இல்லாத பழுது ஒன்று புதிதாகச் சேர்ந்துவிடும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன? நம் மேசைகளுக்கு அடியில் இருக்கும் 2.1 செட்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, நான்கு டயோடுகள், பருத்த கெப்பாசிட்டர்கள் இரண்டு. இவை மின்சாரப் பகுதி. அடுத்து 4558 போன்ற சின்ன ஐசி ஒன்று. இடது, வலது ஒலிகளைக் கலந்து, ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிட்டு, அடிநாதத்தை மட்டும் மேலே அனுப்புவது அதன் வேலை. கடைசியாக ஹீட் சிங்க்கில் திருகி வைத்த பவர் ஐசிகள்; ஐந்து கால் கொண்ட டிடிஏ 2030 அல்லது அதன் உறவுகள். இவ்வளவும் வூஃபர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பெட்டி மூடியது, எனவே சூடு தங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் பலகை அதிர்கிறது, எனவே ஈயப் பற்று தளர்கிறது. இந்தச் செட்களில் வரும் பழுதுகளில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டுமே காரணம்.

காதிலிருந்து தொடங்குவோம். உறுமல் கேட்கிறதா? வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமலும் குறைந்தால் பழுது வெளியே, கணிப்பொறிக்குப் போகும் ஆடியோ ஒயரிலோ பின்னிலோ இருக்கிறது. ஒயரைக் கணிப்பொறியிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்கவே வேண்டாம். எர்த் வழியாகச் சுற்றி வருகிற மின்னோட்டம் அது. வால்யூமை எங்கே வைத்தாலும் உறுமல் அப்படியே இருந்தால் பழுது உள்ளே, அதுவும் பெரும்பாலும் அந்தப் பருத்த கெப்பாசிட்டர்களில். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரவென்றால் வால்யூம் கன்ட்ரோலில் தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பத்துப் பதினைந்து முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகல், அவ்வளவுதான். பாட்டுப் போடாதபோதே ‘டப்... டப்... டப்’ என்று தானாகத் துடித்தால் மறுபடியும் கெப்பாசிட்டர் பக்கம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்து சட்டென்று நின்று, ஆறியதும் மறுபடி பாடினால், ஐசி தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். டிடிஏ 2030-க்குள் அளவு மீறிச் சூடானால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஐசியை மாற்றிப் பயனில்லை. ஹீட் சிங்க்கின் திருகு தளர்ந்திருக்கிறதா, இடையில் தடவிய வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகிவிட்டதா என்று பாருங்கள்.

சின்ன ஸ்பீக்கர் இரண்டும் பாடி, வூஃபர் மட்டும் ஊமை என்றால் அதுவும் நல்ல தகவல்தான். டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்கிறது என்பது உறுதியாகிவிட்டது. மிஞ்சியிருப்பது வூஃபரின் பவர் ஐசி, அந்தச் சின்ன வடிகட்டி ஐசி, பேஸ் கன்ட்ரோல், அல்லது வூஃபரே.

இனி பெட்டியைத் திறக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் திருகாணியைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது; பல செட்களில் பின்னாலுள்ள சுவிட்சுக்கு முந்திய முனைகளில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் பிரைமரி முனைகளை, அதாவது 230 வோல்ட் வரும் முனைகளை, நன்றாக டேப் சுற்றி மூடிவிட்டு மற்ற இடங்களில் வேலை செய்யலாம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ் போர்டு இருந்தால், புதியவர்கள் அந்த போர்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதிலுள்ள கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். அந்த வேலையை அனுபவம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு சீரிஸ் லாம்ப் செய்து வைத்துக்கொள்வதும் அவசியம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராக இணைத்த பிளக் பாயிண்ட், அவ்வளவே. பழுது பார்த்த செட்டை முதலில் இதன் வழியாகத்தான் ஆன் செய்ய வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம். பளிச்சென்று எரிந்துகொண்டே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு சுமையைத் தாங்கிக்கொள்வதால் நீங்கள் புதிதாகப் போட்ட பாகம் பிழைக்கும். பியூஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

திறந்ததும் கண்ணுக்கு வேலை. கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ அடியில் கசிந்திருந்தாலோ அதற்கு மேல் சோதனையே தேவையில்லை. பாகங்கள் ஆடாமல் இருக்கக் கம்பெனியில் ஊற்றிய மஞ்சள் பசை, சூட்டில் பழுப்பாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பழுப்புப் பசை பாகங்களின் கால்களை அரிக்கும், மின்சாரத்தையும் மெல்லக் கடத்தும். காரணமே தெரியாத எத்தனையோ கோளாறுகள் இதைச் சுரண்டி எடுத்ததும் போய்விடும். அடுத்து, காற்று வெளியேற வூஃபர் பெட்டியில் ஒரு வட்டத் துளை இருக்கிறதல்லவா, நம் ஊரில் அது பல்லிக்கும் கரப்பானுக்கும் வாசல். போர்டின் மேல் பல்லி இறந்து கிடந்து ஷார்ட் ஆவது நாம் பலமுறை கேட்கிற கதைதான். துளையின் உட்புறம் மெல்லிய வலைத்துணி ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். பிறகு போர்டைத் திருப்பி, கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்டக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிரை சோல்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இப்போது செட்டை ஆன் செய்துவிட்டு மீட்டர். கறுப்பு முனை டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரில். சிவப்பு முனையை இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களிலும் மாறி மாறி வைத்தால் ஒருபுறம் பிளஸ், மறுபுறம் மைனஸ், இரண்டும் ஏறக்குறைய சமமாக 16, 17 வோல்ட் காட்ட வேண்டும். ஒருபுறம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து டயோடு அல்லது கெப்பாசிட்டர். இரண்டுமே பூஜ்யம் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை ஓமில் அளந்து பாருங்கள். அங்கே தொடர்பே இல்லையென்றால், சுருளுக்கு மேலே காகிதத்துக்கடியில் புதைத்திருக்கும் தெர்மல் பியூஸ் போயிருக்கலாம். அதே அளவு பியூஸைப் போடுங்கள். அதைக் குறுக்கே ஒயர் வைத்துத் தாண்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. வீட்டில் தீப்பிடிக்காமல் காக்கிற கடைசிக் காவலை எடுத்துவிடுகிற வேலை அது. செய்யவே கூடாது.

வோல்ட் சரி, ஆனால் வூஃபர் முனையில்? வூஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஐசியின் நான்காம் காலில் டிசி அளந்து பாருங்கள். 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்துப் பதினைந்து வோல்ட் நின்றால் ஐசி போய்விட்டது. அந்த நிலையில் வூஃபரை மாட்டினால் அதன் சுருளும் கருகும். ஒற்றை சப்ளையில் ஓடுகிற சில செட்களும் உண்டு. அவற்றில் ஐசியின் காலில் சப்ளையில் பாதி வோல்ட் இருப்பதுதான் சரி. கெப்பாசிட்டரைத் தாண்டி ஸ்பீக்கர் முனைக்கு வரும்போதுதான் அது பூஜ்யமாகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஐசியைக் குப்பையில் போட்டவர்கள் பலர்.

கெப்பாசிட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் மையம் அதுதான். மேல்மாடித் தொட்டியைப் போல அது: மோட்டார் நிற்கிற நேரத்திலும் குழாயில் தண்ணீர் வரவேண்டும். டயோடுகள் வினாடிக்கு 100 முறை அதை நிரப்புகின்றன. நடுவில் இருக்கும் 10 மில்லி வினாடியை அது தன் கையிருப்பிலிருந்து தாங்க வேண்டும். 3300 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் இழுத்தால், அந்த இடைவெளியில் வோல்ட் ஏறக்குறைய 3 இறங்கும். பரவாயில்லை. அதே கெப்பாசிட்டர் உலர்ந்து 1000 மைக்ரோ ஃபாரடாகச் சுருங்கிவிட்டால் இறக்கம் 10 வோல்ட். 16 வோல்ட்டில் 10 போனால் ஐசிக்கு மிஞ்சுவது என்ன? மெதுவாகப் பாடும்போது தெரியாது. பறை ஒன்று அதிர்கிற இடத்தில் ஒலி உடைந்து, உறுமல் கலந்து வரும்.

அது ஏன் உலர்கிறது? உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல ஆவியாகிறது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. மலிவான செட்டில் போடுவது 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதிய கெப்பாசிட்டர். பெட்டிக்குள் அது 65 டிகிரியில் இருந்தால் 8000 மணி நேரம். நாளுக்கு 5 மணி நேரம் பாடினால் நாலரை ஆண்டுகூட வராது. சுவிட்ச் பின்னால் இருக்கிறதென்று இரவு பகலாக ஆனிலேயே விட்டுவைத்தால் ஓராண்டுகூட வராது! அதே இடத்தில் 105 டிகிரி என்று எழுதியதைப் போட்டால் கணக்கு 32,000 மணி நேரமாகிறது. விலையில் வித்தியாசம் சில ரூபாய்தான். கம்பெனிகள் அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அந்த மிச்சத்தின் விலையை வாங்குகிறவர் முழுச் செட்டாகக் கொடுக்கிறார்.

நம் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு மேசையில் இருக்கும் செட்டே அண்மையில் இப்படிப் படுத்துக்கொண்டது. முதலில் உறுமல், பிறகு அரைமணி நேரம் ஓடியதும் பேஸ் காணாமல் போவது. வடிவமைப்பாளரும் நானும் திறந்து பார்த்தோம். மைனஸ் பக்கம் 11 வோல்ட்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலை லேசாக மேடிட்டிருந்தது. ரிச்சி தெருவில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் கேட்டபோது கடைக்காரர், “சார், இடம் இருந்தா 35 வோல்ட்டே வாங்கிட்டுப் போங்க. ராத்திரில கரண்ட் ஏறும்” என்றார். அவர் சொன்னது சரியான பேச்சு. ஒன்று கெட்டிருந்தாலும் அதே வயதுள்ள மற்றதையும் சேர்த்தே மாற்றுவதுதான் முறை, இரண்டையும் மாற்றினோம். உறுமல் போய்விட்டது. ஆனால் பேஸ் காணாமல் போவது தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே காய்ந்த மூங்கில் குச்சியால் போர்டை அங்கங்கே மெல்ல அழுத்திப் பார்த்தோம். வூஃபர் ஐசியின் ஐந்தாம் காலருகே அழுத்தினால் பேஸ் வந்தது, விட்டால் போனது. அந்தக் காலின் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்த பிறகு இன்றுவரை ஒழுங்காகப் பாடுகிறது. ஒரு பழுது இன்னொன்றை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. முதல் பழுது தீர்ந்ததும் மூடிவிடாமல், ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கடைக்காரர் சொன்ன ‘கரண்ட் ஏறும்’ என்பதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. டிடிஏ 2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட் வரைதான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வழக்கமாக வருவது 16, 17. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 250-ஐத் தொட்டால் இங்கே 18-ஐத் தொட்டுவிடும். பாட்டு ஓடாமல் சும்மா ஆனில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். இரவில் யாரும் தொடாத நேரத்தில் ஐசி செத்துப்போவது இப்படித்தான். ஐசியை மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால் அதே கால் வரிசை கொண்ட டிடிஏ 2050 பிளஸ் மைனஸ் 25 வரை தாங்கும். எல்எம் 1875 இன்னும் சற்று மேலே போகும். மேலெழுத்தை அழித்துப் புது எண் அச்சிட்ட போலி ஐசிகள் சந்தையில் நிறைய. நம்பகமான கடையில் வாங்குங்கள். மாட்டும்போது ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது என்பதை மறக்க வேண்டாம். ஹீட் சிங்க்குக்கும் அதற்கும் நடுவே மைக்கா தாளும், திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இருந்திருந்தால் அவற்றைத் திரும்பவும் அப்படியே வைக்க வேண்டும். ஐசியின் வெளியீட்டருகே 1 ஓம் ரெசிஸ்டரும் சின்ன கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு ஜோடி இருக்கும். அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாமல் ஐசி நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாக அதிர்ந்து, சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

வடிகட்டி ஐசிக்குப் பெரிய சோதனை வேண்டாம். மின் இணைப்புள்ள பிரைமரி பகுதி மூடியிருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரின் இரும்பில் விரல் வைத்தபடி பவர் ஐசியின் முதல் காலைத் தொடுங்கள். வூஃபர் ‘உம்ம்’ என்று பதில் சொன்னால் பவர் பகுதி நலம். பழுது அதற்கு முன்னால். அங்கே 4558-க்கு வரும் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டரும் ஜீனர் டயோடும்தான் அடிக்கடி போகும்.

வூஃபரைச் சோதிக்க ஒரு டார்ச் பேட்டரி செல் போதும். இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டால் கூம்பு ‘டக்’கென்று முன்னோ பின்னோ நகரும். நகராவிட்டால் மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் வூஃபர் மூன்றரை ஓம் அளவுக்குக் காட்டினால் சுருள் முழுசாக இருக்கிறது. கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் சமமாக உள்ளே அழுத்தினால் உரசல் கேட்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பொடிந்துபோவதை அதிகம் பார்க்கிறோம். வளையத்தை மட்டும் மாற்றித் தருகிற ஸ்பீக்கர் ரிப்பேர்காரர்கள் நம் நகரங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள்.

மூடும்போது திருகாணி பிடிக்காது. அமுக்குப் பலகையில் துளை பெருத்திருக்கும். ஈர்க்குச்சி இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காயவிட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும். பலகைக்கும் மூடிக்கும் இடையில் காற்று கசிந்தால் பேஸ் தளர்ந்துவிடும், ஆகவே பழைய பஞ்சு நாடாவை மறக்காமல் ஒட்டுங்கள்.

எல்லாச் செட்டும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்று ஷார்ட் ஆகிக் கருகியிருந்தால், போர்டு கரிந்து ஓட்டை விழுந்திருந்தால், பெட்டியையும் வூஃபரையும் வைத்துக்கொண்டு உள்ளே ரெடிமேட் போர்டு போடுவது நல்ல வழி. டிபிஏ 3116 வகை போர்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டியது ஒற்றை டிசி சப்ளை, அதுவும் 26 வோல்ட்டுக்குள். பழைய பிளஸ் மைனஸ் இணைப்பில் அப்படியே மாட்டினால் அடுத்த கணமே போய்விடும். அதுவும் இயலாதபோதுதான் மின்கழிவு வாங்குகிற அங்கீகாரம் பெற்ற இடம். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் பழைய பொருளைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன.

எனக்கு ஒரு ஆசை உண்டு. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின்பலகையின் உட்புறத்தில் எந்த வால்வு எங்கே என்று படம் ஒட்டியிருக்கும். திறக்கிறவரை மதித்த காலம் அது; அது திரும்ப வேண்டும். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் எல்லாம் அதன் வட்டத்துக்குள் வருகின்றன. மேசைக்கடியில் கிடக்கும் இந்த எளிய பெட்டிக்கும் ஒரு சுற்றுப்படம், ஒரு பாகப் பட்டியல் கிடைக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை, அதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் உண்டு. கேளுங்கள். கம்பெனிக்கு எழுதும்போது ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள், பதில் வந்தால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.

பழுதைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வூஃபர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் எங்களால் ஊகிக்கத்தான் முடியும். வால்யூமைக் குறைத்தபோது சத்தம் என்ன ஆயிற்று, பவர் ஐசியின் மேல் எழுதியிருக்கும் எண் என்ன, இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களிலும் எத்தனை வோல்ட் வந்தது, ஐசியின் வெளியீட்டுக் காலில் எவ்வளவு டிசி, செட் எத்தனை ஆண்டு ஓடியது, இவற்றைச் சேர்த்து எழுதுங்கள். போர்டின் இருபுறமும் வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. நீங்களே சரிசெய்துவிட்டாலும் எழுதுங்கள். எந்த மாடல் செட்டில் எந்தப் பாகம் போனது என்பதை அடுத்தடுத்த இதழ்களில் பட்டியலாகத் தரத் திட்டமிட்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்